குரல் வந்த பக்கம்

எங்கள் வீட்டில் எதிரொலி இல்லாத ஒரே இடம் துணி அலமாரிதான். இந்த வெளிநாட்டு ஊரின் ஹரிஸ் பார்க் பகுதியில் மூன்றாவது மாடி வாடகை வீடு. மரத்தரை, வெற்றுச் சுவர். ஹாலில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தால் குளியலறையிலிருந்து பேசுவதுபோல் கேட்கும். அதனால் படுக்கையறை அலமாரியின் கதவைத் தள்ளிவிட்டு, என் பட்டுப்புடவைகளுக்கும் கணவரின் குளிர்கால கோட்டுகளுக்கும் நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, மடியில் மைக்கை வைத்துப் பேசுவேன். முதல் தடவை இந்தக் கோலத்தைப் பார்த்தபோது கணவர், "என்ன, என்னைப் பத்தி புடவைக்கிட்ட குறை சொல்லிட்டிருக்கியா?" என்றார்.

பாட்காஸ்ட் யோசனை கீழ் மாடி அக்காவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைகள் இருவரும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். முன்பு இங்கே ஒரு சமூக வானொலியில் ஞாயிறுதோறும் தமிழ் நிகழ்ச்சி நடத்தியவர். நான் பிரசவ விடுப்பில் வீட்டிலிருந்தேன். உயிர்வேதியியல் முதுகலை படித்துவிட்டு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்று அக்காவிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். தடுப்பூசி போட்டால் காய்ச்சல் எத்தனை மணி நேரம் இருக்கும், தாய்ப்பால் போதுகிறதா என்று எப்படித் தெரியும், அம்மாவுக்கு விசா தாமதமானால் பத்தியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது. ஒருநாள் அக்கா, "இதையெல்லாம் ரெக்கோட் பண்ணினா நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றார். நான் எழுதிப் பேசி, வெட்டி ஒட்டித் தருவது. அக்கா ஒருமுறை கேட்டுவிட்டு இணையத்தில் ஏற்றுவது. அப்படிப் பிரித்துக்கொண்டோம். சனிக்கிழமைதோறும் ஒரு பகுதி.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் படிப்பேன், எழுதுவேன், எழுதியதைத் திருத்துவேன். "வணக்கம் அன்பார்ந்த நேயர்களே" என்று தொடங்கி "நன்றி" என்று முடிப்பேன். நடுவில் ஒரு தகவல்கூடத் தவறாக இருக்காது. ஆனால் யாரும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பது சரியில்லை. தொடங்கினார்கள், போய்விட்டார்கள். கேட்பவர்கள் எந்த இடத்தில் விலகுகிறார்கள் என்று அந்தத் தளம் ஒரு கோடு போட்டுக் காட்டும். எங்கள் கோடு "வணக்கம்" முடிந்ததும் மாடிப்படியில் கால் தவறியதுபோல் விழுந்தது. அதன்பிறகு தரையோடு தரையாக ஊர்ந்தது. பாலூட்டிக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன்.

அக்கா என்னை "நீர்" என்றுதான் அழைப்பார். அவர்கள் ஊரில் அது சாதாரணப் பேச்சு. எனக்கோ ஆரம்பத்தில் ராஜா வேஷக்காரர் முன்னால் நிற்பதுபோல் இருக்கும்.

"தங்கச்சி, நீர் ஆரோட கதைக்கிறீர்?" என்று ஒருநாள் கேட்டார்.

"நேயர்களோடதான், அக்கா."

"எந்த நேயர்?"

"எல்லா நேயர்களோடயும்."

"அப்ப ஒருத்தரோடயும் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. சிரித்து மழுப்பினேன். பிறகு அக்காவே வழிகள் சொன்னார். ஆரம்பத்தில் வீணை இசை வைத்துப் பார்த்தோம். கோடு இன்னும் முன்னாலேயே விழுந்தது. அதிர்ச்சியான கேள்வியோடு தொடங்கிப் பார்த்தோம். கேள்வி வரைக்கும் இருந்தார்கள், பதிலுக்கு இல்லை. நேரத்தைப் பாதியாகக் குறைத்தோம். பாதியிலும் பாதியில் போனார்கள். மெல்பர்னில் கிரெய்கிபர்னிலிருந்து ஒரு பெண் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் அவர் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். நீங்க சொல்றதெல்லாம் கரெக்ட்டு. ஆனா கேக்கும்போது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு ஒரு காதுதான் ஃப்ரீ. இன்னொரு காது இவனுக்கு. அந்த ஒத்தக் காதுலயும் நீங்க புடிச்சு நிக்க மாட்டேங்குறீங்க."

அந்தச் செய்தியைப் பல தடவை போட்டுக் கேட்டேன். அவர் பேச்சில் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக முடியவில்லை. இருந்தும் கடைசி வரை கேட்க வைத்தது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு காது குழந்தைக்கு என்பது எனக்கும் பொருந்தும். வெட்டி ஒட்டும் வேலையை நான் ஹெட்ஃபோன் போடாமல்தான் செய்வேன். காதை அடைத்துக்கொண்டால் குழந்தைக்கு ஏதாவது ஆனால் தெரியாதே என்ற பயம். அதனால் மடிக்கணினியோடு சின்ன ஸ்பீக்கரை இணைத்து ஹால் தரையில் வைத்துக்கொள்வேன். பக்கத்தில் விளையாட்டு விரிப்பில் மகள். ஒரு வாக்கியத்தில் "ம்" என்று இழுத்திருந்தால் அதை வெட்டுவேன், திரும்பப் போட்டுக் கேட்பேன், ஒட்டு தெரிந்தால் மறுபடி வெட்டுவேன். தரையெல்லாம் என் குரல் உருண்டுகொண்டிருக்கும். தொலைக்காட்சி கிடையாது, போனில் படம் காட்டுவது கிடையாது. அதெல்லாம் குழந்தைக்கு ஆகாது என்று படித்திருந்தேன். நாள் முழுக்கத் தாயின் குரல், அதுவும் நல்ல தமிழில். இதைவிட என்ன வேண்டும் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

எட்டாவது மாதச் சோதனைக்குச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். குழந்தைநல நர்ஸ் எடை பார்த்தார், உயரம் பார்த்தார், மகளின் காலைப் பிடித்து ஆட்டிச் சிரிக்க வைத்தார். பிறகு, வீட்டில் நீங்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். சொன்ன கணமே உறுதியாகத் தெரியவில்லை. பார்க்கிறாளா? கடைசியாக எப்போது பார்த்தாள்? பொய் சொல்லிவிட்டோமோ என்று, "இல்லை, அப்படித்தான் நினைக்கிறேன்" என்றேன். நர்ஸ், இங்கேயே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்களேன் என்றார். மகள் விரிப்பில் உட்கார்ந்து பையின் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பாப்பா" என்றேன். பட்டையைக் கடித்தாள். "பாப்பா, அம்மாவைப் பார்." என் குரல் தெளிவாக, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் விழும்படி இருந்தது. அவள் திரும்பவில்லை. நர்ஸ் மறுபடி கூப்பிடச் சொன்னார். மறுபடியும் கூப்பிட்டேன்.

பிறந்தபோது எடுத்த கேட்டல் சோதனையில் தேறியவள்தான். ஆனாலும் பிறகு மாறுவது உண்டு, கவலைப்பட ஒன்றுமில்லை, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். கவலைப்பட ஒன்றுமில்லை என்று இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்கிறார்கள்.

சோதனைக்கு நாள் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் நான் வேறு எதுவும் செய்ததாக நினைவில்லை. மகளுக்குப் பின்னால் நின்று கரண்டியைக் கீழே போட்டேன். திரும்பினாள். பிரிட்ஜ் கதவைத் திறந்தேன். திரும்பினாள். பிளாஸ்டிக் உறையைக் கசக்கினால் அடுத்த அறையிலிருந்து தவழ்ந்து வந்தாள். நான் கூப்பிட்டால் மட்டும் இல்லை.

"காது கேக்குதும்மா. கரண்டிக்குத் திரும்புறா இல்ல?" என்றார் கணவர்.

"அப்புறம் ஏன் எனக்குத் திரும்ப மாட்டேங்குறா?"

"விளையாட்டு மும்முரம்."

"நீங்க கூப்பிடுங்க."

அவர் சோபாவிலிருந்து, "ஏய் தங்கக்கட்டி!" என்றார். மகள் முழு உடம்போடு திரும்பிக் கையைத் தட்டினாள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதோ தற்செயலா..." என்று இழுத்தார். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "எங்கட குட்டி எங்க?" என்றாலே போதும், கதவு திறக்கும் முன்னே மகளின் தலை அந்தப் பக்கம் போய்விடும்.

இது என் பயத்தை இரண்டாகப் பிளந்தது. சில சுருதிகள் மட்டும் கேட்காமல் போகும் குறை உண்டு என்று படித்தேன். என் குரலின் சுருதி அதில் ஒன்றோ? அதைவிடப் பெரியது இன்னொன்று. பிள்ளை தாயின் அழைப்புக்கு முகம் கொடுக்காவிட்டால் என்னவாக இருக்கலாம் என்று தேடப்போய், முதலில் வந்த ஆட்டிசம் என்ற சொல்லைப் பார்த்ததும் திரையை மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒன்றைத்தான் கேட்டது: கண்ணைப் பார்க்கிறாளா, சுட்டிக் காட்டுகிறாளா, அழைத்தால் திரும்புகிறாளா. அன்றிலிருந்து மகளை நான் கொஞ்சவில்லை, கவனித்தேன். அவள் சிரித்தால், சரியான இடத்தில்தான் சிரித்தாளா என்று பார்த்தேன்.

திருச்சியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தபோது சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது.

"யாருகிட்டயும் சொல்லாத. முக்கியமா உங்க மாமியார்கிட்ட."

"ஏம்மா?"

"தை மாசம் நீங்க வரும்போது காதுகுத்துன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. தாய்மாமன் மடிக்கு உன் தம்பி இப்பவே வேட்டி எடுத்துட்டான். இப்பப் போய் காது சரியில்லைன்னு பேச்சு வந்தா நல்லாவா இருக்கும்?"

"சரியில்லைன்னு யாரும் சொல்லலம்மா. டெஸ்ட்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். டெஸ்ட்டுன்னுகூட சொல்லாத."

சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் அடுத்த பகுதிக்கு நான் முன்பே அறிவித்துவிட்ட தலைப்பு என்னை முறைத்துக்கொண்டிருந்தது: எட்டு, ஒன்பது மாதக் குழந்தை என்னென்ன செய்யும். மாற்றியிருக்கலாம். மாற்றினால் அக்கா ஏன் என்று கேட்பார். அறிவித்ததைச் செய்யாமல் விடவும் எனக்கு வராது. எழுதினேன். புடவைகளுக்குள் தலையை நுழைத்துப் படித்தேன். "இந்த வயதில் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கும்." அந்த வாக்கியத்தில் குரல் கம்மியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். மறுபடியும் கம்மியது. எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொண்டு, நன்றாக இருப்பதை எடுத்து ஒட்டலாம் என்று ஹாலுக்கு வந்தேன்.

ஸ்பீக்கரில் போட்டேன். "குழந்தை திரும்பிப் பார்க்கும்." ஒட்டு தெரிந்தது. "திரும்பிப் பார்க்கும்." மூச்சுச் சத்தம் தெரிந்தது. "குழந்தை திரும்பிப் பார்க்கும்." ஸ்பீக்கருக்கு ஓர் அடி தள்ளி மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு மரக்கட்டையை இன்னொன்றின்மேல் வைக்கப் பார்த்தாள். "திரும்பிப் பார்க்கும்" என்று என் குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கழுத்து அசையவில்லை. நான் விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன். அது இனி வெட்டும் வேலையில்லை என்று எனக்கே தெரிந்தது.

அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு அக்கா நேரே மேலே வந்துவிட்டார்.

"என்ன நடந்தது?"

"ஒண்ணும் இல்லையே, அக்கா. தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

"ஒண்டும் பிழையில்லை. எல்லாம் சரி. ஆனா ஒரு இடத்தில உம்மட குரல் நடுங்குது. ஒட்டி மறைச்சிருக்கிறீர். ரேடியோவில இருந்தவளுக்குத் தெரியாதே?"

மகள் அவர் காலைப் பிடித்து நிற்கப் பார்த்தாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டார். எனக்கு அடக்க முடியவில்லை. குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையைக் குசினி என்று சொல்வதே அக்காவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. கோபப்பட்டார். "இத்தனை கிழமையா இதை வச்சுக்கொண்டோ ஒவ்வொரு சனியும் 'அன்பார்ந்த நேயர்களே' எண்டு கதைச்சனீர்? எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"அம்மா சொல்ல வேண்டாம்னாங்க."

"அம்மா திருச்சியில. நான் கீழ் வீட்டில."

அந்தச் சனிக்கிழமை பகுதி வரவில்லை. வராததை யாரும் கேட்கவும் இல்லை.

சோதனை, பரமட்டாவுக்குப் பக்கத்துப் பெரிய மருத்துவமனையில். கணவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கேட்டல் சோதகர் ஓர் இளம்பெண். எங்கள் பேச்சைக் கேட்டதும், "தமிழா? நானும்தான் லா. பினாங்கு. இங்க படிக்க வந்தேன், அப்படியே தங்கிட்டேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு அந்த அறையைப் பார்த்ததும் போய்விட்டது.

சுவரெல்லாம் பஞ்சு வைத்த, சத்தமே இல்லாத சின்ன அறை. என் புடவை அலமாரியைப் பெரிதாக்கியதுபோல் இருந்தது. பக்கச் சுவரில் ஒரு ஸ்பீக்கர். அதன் கீழே கறுப்புக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே மேளம் அடிக்கும் பொம்மைக் குரங்கு. நான் நடுவில் நாற்காலியில், மகள் என் மடியில். எதிரே ஒரு உதவியாளர் மண்டியிட்டு அமர்ந்து, சத்தம் வராத ஒரு பொம்மையைக் காட்டி அவள் பார்வையை முன்பக்கம் பிடித்து வைத்திருப்பார். சோதகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒலியை அனுப்புவார். மகள் ஒலி வரும் பக்கம் திரும்பினால் பெட்டிக்குள் விளக்கெரிந்து குரங்கு மேளம் அடிக்கும். கணவர் மூலையில்.

"அம்மா மட்டும் ஒன்னு செய்யணும்" என்றார் சோதகர். "அசையக் கூடாது. உங்களுக்குச் சத்தம் கேக்கும். ஆனா திரும்பக் கூடாது, கைய இறுக்கக் கூடாது. பேபி உங்க உடம்ப வச்சே கண்டுபிடிச்சிடும். ஓகே?"

ஓகே என்றேன். வாழ்க்கையில் என்னிடம் யாரும் இதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்டதில்லை.

முதல் ஒலி வந்தது. குருவி விசிலடிப்பதுபோல் நடுங்கும் ஒலி. மகள் திரும்பினாள். குரங்கு மேளம் அடித்தது. அவள் உடம்பு துள்ளியது. மறுபடி ஒலி, மறுபடி திரும்பினாள். ஒலி சின்னதாகிக்கொண்டே போனது. எனக்கே கேட்டதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சின்னதானபோதும் திரும்பினாள். பிறகு சுருதி மாறியது. திரும்பினாள். இன்னொன்று. திரும்பவில்லை.

எனக்கு நன்றாகக் கேட்டது. அறை முழுக்கக் கேட்டது. அவள் உதவியாளரின் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி வந்தது, இன்னும் சத்தமாக. அவள் அசையவில்லை. இந்தச் சுருதிதான், இதுதான் என் குரலின் சுருதி என்று மனம் கத்தியது. திரும்பு, அந்தப் பக்கம் பார், கண்ணு, பார். என் முழங்காலை அந்தப் பக்கம் ஒரு நூல் அளவு சாய்த்தால் போதும், அவள் திரும்பிவிடுவாள். சாய்க்கலாம். யாருக்கும் தெரியாது. நான் சாய்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடிக்கு அப்பால் சோதகர் எதையோ மாற்றினார். ஸ்பீக்கரிலிருந்து அதே சுருதி வரவில்லை. அவர் குரலே வந்தது. "அய்யோ, குட்டி, போரடிச்சிருச்சா? இந்தக் குரங்கு வேணாமா?" மகள் சட்டென்று திரும்பினாள். பெட்டிக்குள் இந்தத் தடவை குரங்குக்கு இல்லை, பக்கத்திலிருந்த முயல் பொம்மைக்கு விளக்கெரிந்தது. அதன்பிறகு திரும்பாமல் விட்ட அதே சுருதியை மிக மெல்லியதாக அனுப்பினார். திரும்பினாள். இன்னும் மெல்லியதாக. திரும்பினாள்.

எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கக்கூட அசையவில்லை.

"நல்லா கேக்குது" என்றார் சோதகர் உள்ளே வந்து. "ரெண்டு காதுக்கும் சேர்த்துப் பாத்ததுதான் இது. கொஞ்ச மாசம் கழிச்சுத் தனித்தனியா ஒருதரம் பாக்கணும். ஆனா இன்னிக்கு, நல்லா கேக்குது."

நன்றி சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். நான் எழவில்லை. "அப்புறம் ஏன் நான் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்குறா?"

அவர் கேட்டார்: "வீட்டுல டிவி ஓடிட்டே இருக்குமா?"

"இல்லைங்க. டிவியே கிடையாது" என்றேன், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல்.

"ரேடியோ?"

"அதுவும் இல்லை."

மூலையிலிருந்து கணவர், "இவ குரல்தான் நாள் முழுக்க ஓடும்" என்றார். பதற்றம் இறங்கிய குஷியில், வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னேன். எப்படி வெட்டுவேன், எத்தனை தடவை போடுவேன், மகள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்றெல்லாம்.

"அதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது" என்றார் சோதகர். "ஆனா பேபிங்க ரொம்ப பிராக்டிக்கல் லா. சத்தம் வருது, திரும்பிப் பாத்தா ஒன்னும் நடக்கல. எத்தன தரம் திரும்புவாங்க?"

வெளியே வந்து பேருந்துக்கு நின்றோம். கணவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்று பேசிக்கொண்டே இருந்தார். நான் மகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் அவள் திரும்பியிருக்கிறாள். இப்போது நினைவுக்கு வந்தது. நாலைந்து மாதத்தில், ஸ்பீக்கரில் என் குரல் வந்தால் அதைப் பார்ப்பாள், பிறகு என் மூடிய வாயைப் பார்ப்பாள். "கேக்குறியா, அம்மா பேசுறது கேக்குதா?" என்று சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்ப்பேன். பிறகு அவள் பார்ப்பது குறைந்தது. குழந்தை தொந்தரவு பண்ணாமல் விளையாடப் பழகிவிட்டது என்று நான் அம்மாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

நர்ஸின் முன்னால் நான் கூப்பிட்டது எந்தக் குரலில்? தெளிவாக, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் விழும்படி. அந்தக் குரலுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை என்று அவள் கண்டுவைத்திருந்தாள். மாடிப்படியில் கால் தவறிய அந்தக் கோட்டை நினைத்துக்கொண்டேன். கிரெய்கிபர்ன் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

அன்று மாலையே ஸ்பீக்கரைக் கழற்றி அலமாரி உச்சியில் போட்டேன். ஆனால் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. "பாப்பா" என்றேன், திரும்பவில்லை. எந்தக் குரலில் கூப்பிடுவது என்று யோசிக்கத் தொடங்கியதும் என் வாயில் எதுவும் இயல்பாக வரவில்லை. அன்பாகக் கூப்பிட்டால் அது அன்பாகக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் அவளைக் கூப்பிடவே பயந்தேன். கூப்பிட்டுத் திரும்பாத ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே போகிறதோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை அக்கா தேநீர்க் கோப்பையோடு மேலே வந்து ஹால் தரையில் உட்கார்ந்தார். மைக்கை எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தார்.

"அக்கா, இங்க எதிரொலிக்கும்."

"ஒலிக்கட்டும். எழுதினதை மூடி வையும். அந்த அறைக்குள்ள என்ன நடந்ததெண்டு எனக்குச் சொல்லும்."

"எல்லாம்தான் சொல்லிட்டேனே."

"நான் காது மந்தமான கிழவி எண்டு நினைச்சுச் சொல்லும்."

சொல்லத் தொடங்கினேன். வணக்கம் சொல்ல மறந்துவிட்டது. நர்ஸிடம் ஆமாம் என்று சொன்னதிலிருந்து தொடங்கி, மூடிய திரையை மறுபடி திறந்தது, அம்மா சொல்ல வேண்டாம் என்றது. அம்மாவைச் சொல்லும்போது நிறுத்தினேன். இதை அவர் கேட்பாரே. அக்கா கையால் மேலே போகச் சொன்னார். அசையக் கூடாது என்ற இடம் வந்தபோது நான் அக்காவின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையை வாய்க்கருகில் தூக்கிய நிலையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை. அடுத்த சோதனை வரை எனக்குத் தூக்கம் சரியாக வராது என்றும் சொன்னேன். ஒற்றைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் ஓரக்கண்ணில் பட்டது. மகள் சுவரோரம் போய், மைக்கின் வயரை இழுத்து வாயில் வைக்கப்போனாள்.

"ஏய்! சீ, அதைக் கடிக்காதடி கழுதை!"

மகள் அப்படியே நிறுத்தினாள். வயரை வாயருகே வைத்துக்கொண்டு முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை, என் வாயை. இனி என்ன நடக்கும் என்று காத்திருந்தாள். நான் தவழ்ந்தே அவளிடம் போனேன். போய்ச் சேரும் வரை அவள் பார்வையை எடுக்கவில்லை.

"திட்டினாத்தான் திரும்புவாள் போல" என்றார் அக்கா. "உம்மட பிள்ளைதான்."

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. வயரைப் பிடுங்கிய சத்தம், அக்காவின் சிரிப்பு, நான் மூக்கை உறிஞ்சியது, மகள் "ம்மா" மாதிரி ஏதோ சொன்னது எல்லாம் விழுந்திருந்தது. அன்று அவள் தூங்கியபின், ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வெட்ட உட்கார்ந்தேன். இன்னொரு காதில் அவள் மூச்சு. எங்கே தொடங்கி எதை வெட்டுவது என்று பார்த்தேன். வெட்டுவதென்றால் அந்தக் "கழுதை"யில் தொடங்க வேண்டும். எதையும் வெட்டாமலேயே அக்காவுக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா படியேறி வந்து போனைக் காட்டினார். வேண்டாம் என்றுதான் சொன்னேன், பார்த்தேன். கோடு மெல்லச் சரிந்துகொண்டுதான் போனது. ஆனால் நான் அசையாமல் உட்கார்ந்திருந்த இடத்தில் அது நேராக நின்றது. வயரை இழுத்த இடத்தில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

"ஏன் ஏறுது? நடுவுல வந்து சேர்ந்தாங்களா?"

"இல்லையப்பா. பின்னுக்குப் போய் அந்த இடத்தைத் திரும்பக் கேட்டிருக்கினம்."

குசினியில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டு, துணியைத் தேடிக்கொண்டே, எதையும் யோசிக்காமல், "பாப்பா, அங்கயே இரு, இங்க சுடும்" என்றேன். சொன்னபிறகுதான் உடம்பு விறைத்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்த அறையில் இருந்ததுபோல், அடுப்பைப் பிடித்தபடி, அசையாமல் நின்றேன்.

ஹாலிலிருந்து அக்கா மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, உம்மைத்தான் பாக்கிறாள். நீர் திரும்பும்."